இரண்டு வீசை ஈயம்

...ஆறு ராத்தல் ரொம்ப அதிகமோ, ஆறே வாரத்தில் ஆறு ராத்தல் யாருக்காவது ஏறுமா, டாக்டரம்மா என்ன நேற்றுப் பிறந்த பிள்ளையா இதை நம்பிவிட, என்று தேசம்மாவுக்குக் கச்சேரி ரோடு முனை திரும்பும்போதுதான் உறைத்தது. குப்பத்தில் கிளம்பும்போது உறைத்திருந்தால் பாதியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். புது வீச்சுவலையின் விளிம்பில் கோக்கவென்று சூசை வாங்கி வைத்திருந்த ஈயக்குண்டுகள், கணக்காக இரண்டு வீசை, வீசைக்கு மூன்று ராத்தல், அத்தனையையும் ஒரு பழந்துணியில் முடிந்து மடியில் செருகி, புடைப்பு தெரியாமல் இருக்க முந்தானையையும் இழுத்து மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நடக்க நடக்க அது அடிவயிற்றில் இடித்தது. மாசமாக இருந்த நாட்களில்கூட இப்படிக் கனத்ததில்லை. எங்கேயாவது ஒதுங்கிக் கொஞ்சத்தை எடுத்துவிடலாம் என்றால் மயிலாப்பூரில் பொம்பளை ஒதுங்க ஏது இடம், குளத்தங்கரையில் முடிச்சை அவிழ்த்தால் ஊரே வேடிக்கை பார்க்கும்... போகட்டும். ஆறு என்றால் ஆறு. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், தினம் முட்டை சாப்பிட்டேன், பால் குடித்தேன், மதியம் படுத்துத் தூங்கினேன்... தூங்கினேனா? மத்தியானம் தூங்குகிற மீன்காரியை எவளாவது பார்த்ததுண்டா?

ஆனால் அந்த அம்மா அதையும்தானே சொன்னாள். கூடையோடு கச்சேரி ரோட்டு வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்தவளை யாரோ அந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்குள் கைத்தாங்கலாக அழைத்துப் போன அன்றைக்கு, எடை மெஷினில் நிறுத்தி, எண்பத்திரண்டு ராத்தல் என்று நர்சம்மா சொன்னதும், டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "இருமல் இருக்கா? சாயங்காலம் உடம்பு சுடறதா?" என்று கேட்டாள். இல்லை என்றுதான் இவள் சொன்னாள், அதுவும் முழுப்பொய் இல்லை, இருமல் எப்போதோ ஒருதரம்தான், சூடு அடுப்படியில் யாருக்குத்தான் இல்லை. "இது பசியா வியாதியான்னு எனக்கு இப்போ சொல்லத் தெரியலை. ஆறு வாரம் நன்னா சாப்டுட்டு வா. ஒரு ராத்தல் ஏறித்துன்னாக்கூடப் போறும், பசிதான்னு விட்டுடுவேன். நன்னா சாப்டும் ஏறலேன்னா தாம்பரத்துக்குக் கடுதாசி எழுத வேண்டியதுதான்." அப்புறம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள், இரண்டு வேளையை ஐந்து வேளையாக்கு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, கேழ்வரகுக் கஞ்சியில் பால் ஊற்றிக் குடி, கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், நீ விற்கிற மீனில் ஒன்றை உனக்கும் வைத்துக்கொள், வெறும் வயிற்றில் வெற்றிலை புகையிலை போட்டுப் பசியைக் கொல்லாதே, எண்ணெயும் நெய்யுமாக அள்ளி ஊற்றி ஒரேயடியாகப் பெருக்கப் பார்க்காதே, மெதுவாக ஏறினால்தான் நிற்கும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தினம் ஒரு... அதான், கோழி போடறதே, அது," என்றாள் அந்த மடி ஆசாரத்து அம்மா, முட்டை என்ற சொல்லிலேயே கவிச்சி அடிக்கும் என்பது போல. இவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கடைசியாகச் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாரும் சாப்டு மிச்சம் இருந்தாத்தான் சாப்பிடறது, அந்த வழக்கமே கூடாது. முதல்ல நீ சாப்டு."

தாம்பரம், க்ஷயரோக ஆஸ்பத்திரி. அந்தப் பேரைக் கேட்டால் குப்பத்தில் பொம்பளைகள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அக்கா போனாளே, நாலு வருஷம் முன்னால், மாட்டுவண்டியில் பாய் விரித்து உட்கார வைத்து, ரெண்டே மாசத்தில் திரும்பி வந்துவிடுகிறேன் என்று கையை ஆட்டிக்கொண்டு... அவள் துணிமூட்டைதான் திரும்பி வந்தது. அவள் பிள்ளைகள் இரண்டும் இன்றைக்கும் கன்னியாஸ்திரீகள் மடத்தில் வளர்கின்றன, சித்தி என்று ஓடி வந்தாலும் கொஞ்சம் தள்ளியே நிற்கின்றன, பேசக்கூடக் கூச்சம். ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயசு, சின்னவனுக்கு மூன்று, சூசை விடியலில் கட்டுமரம் ஏறினால் வெயில் ஏறித்தான் கரை காண்பான், அதுகளை யார் பார்ப்பது, ஜெசிந்தாவும் ஒருநாள் இவளைப் பார்த்து அப்படித் தள்ளி நிற்பாளா? அதை நினைத்த ராத்திரிதான் ஈயத்தின் மேல் கண் போயிற்று. வலை மிதக்காமல் கடலடிக்குப் போக உதவுகிற ஈயம், இவளை வீட்டில் இருத்தி வைக்காதா?

சாப்பிடப் பார்க்காமலும் இல்லை. முதல் இரண்டு நாள் முட்டையை அவித்து உரித்துக் கையில் வைத்தாள். சின்னவன் எதிரே வந்து குந்திக்கொண்டு வாயைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலாவது அதட்டியிருக்கலாம், வெறுமனே பார்த்தான். முட்டை அவனுக்குப் போயிற்று. மறுநாளும் போயிற்று. மூன்றாம் நாளிலிருந்து அது அவனுடைய முட்டை. பால் ஜெசிந்தாவுக்கு, அவள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். வேர்க்கடலை தீர்ந்தே போயிற்று, யார் தின்றார்களோ. மீன்? கூடை காலியாகும் முன் மீன்காரி வயிற்றை நிரப்பினால் மீன் தங்கிப்போகும் என்று மாமியார் ஒரு சட்டம் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள், கூடை காலியாக மத்தியானம் ஆகும், அதுவரைக்கும் வெற்றிலைதான், புகையிலைதான், அதற்கப்புறம் பசி எங்கே இருக்கிறது. அய்யர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எந்த அம்மாவாவது பழமோ முறுக்கோ கொடுத்தால் அதுவும் மடிக்குள் போகும், வீட்டுக்குப் போய் ரெண்டாகப் பிய்த்துக் கொடுக்க. சூசை கேட்காமல் இல்லை, பாவம், ராத்திரி கையைக் கழுவிக்கொண்டே கேட்பான், "நீ துன்னியா?" என்று. "ஆங், துன்னேன்," என்பாள். பன்னிரண்டு வருஷமாக அதே கேள்வி, அதே பதில்.

ஆஸ்பத்திரி பெஞ்சியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஓரத்தில் கறுப்புத் துப்பட்டியைத் தோளில் சரியவிட்டு, தையல்காரர் பெண்டாட்டி சகினா. போன தடவை இவளுக்கு அடுத்து மெஷினில் ஏறியவள், இவளைவிட ஒரு ராத்தல் கம்மி. இவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக நகர்ந்து இடம் விட்டாள். "இன்னாக்கா, கன்னம் கொஞ்சம் பூசினாப்ல கீது?" என்றாள். பூசுமா, வெயிலில் வேகமாக நடந்து வந்த சிவப்பு அது. தேசம்மா ஈயம் சத்தம் போடாமல் மெல்ல உட்கார்ந்தாள். ஆறு ராத்தல், மாதாவே, கொஞ்சம் குறைத்துக் காட்டு, கெட்டிக்காரத்தனம் பிடிபடாமல் பார்த்துக்கொள்... திருட்டுக்கு மாதாவைக் கூப்பிடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பேர் கூப்பிட்டார்கள். மெஷின் பலகை காலடியில் குளிர்ந்தது. நர்சம்மா தண்டின் மேல் குண்டை ஒரு விரலால் தள்ளினாள், நிறுத்தினாள், கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். தேசம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள், மூச்சுக்கும் எடை உண்டோ என்னவோ. "எண்பத்தி நாலு." டாக்டரம்மா நிமிர்ந்தாள், பழைய சீட்டைப் பார்த்தாள், சிரித்தாள், அந்த அம்மா சிரித்து இவள் பார்த்ததே இல்லை. "ரெண்டு ராத்தல்! பாத்தியா, நான் சொன்னேனே. உனக்குப் பசிதாண்டி, வேற ஒண்ணுமில்லை. தாம்பரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இப்படியே சாப்டு." குழாயைக் காதில் மாட்டப் போனவள், வாசலில் நிறைந்திருந்த பெஞ்சியைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்று கீழே வைத்தாள். தேசம்மா இரண்டு கையையும் கூப்பினாள். அப்பாடா. ஆறு இல்லை, இரண்டு, யாரும் சந்தேகப்பட முடியாத இரண்டு, மாதா காது கொடுத்துத்தான் கேட்டிருக்கிறாள்...

வாசல்படியில் கால் வைத்தபோதுதான், இரண்டா? ஏன் இரண்டு? ஈயம் மட்டுமே ஆறு ஆயிற்றே. கடைக்காரன் எடையில் ஏமாற்றியிருப்பானோ, இல்லையே, சூசை கையால் தூக்கியே காலே அரைக்கால் சொல்கிறவன், அவனை எவன் ஏமாற்றுவான். எண்பத்தி நாலில் ஆறு போனால்... எழுபத்தெட்டு. விரலை மடக்கி இன்னொரு தரம் எண்ணினாள். எழுபத்தெட்டுதான். எண்பத்திரண்டாக இருந்தவள் எழுபத்தெட்டு ஆகியிருக்கிறாள். நாலு ராத்தல் எங்கே போயிற்று, யாருக்கும் தெரியாமல், இவளுக்கே தெரியாமல்? பசியா வியாதியா என்று தெரிந்துகொள்ளத்தானே அந்த அம்மா சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும், சாப்பிடவும் இல்லை, எடையும் பொய், இனி எதை வைத்து எவர் சொல்ல முடியும்?  பயமாக இருந்தது, தாம்பரத்தை நினைத்து அல்ல, அதைவிடக் கிட்டே இருக்கிற ஏதோ ஒன்றை நினைத்து.

"தேசம்மா, போயிடாதே," என்று உள்ளிருந்து டாக்டரம்மா குரல் கொடுத்தாள். "அந்தச் சகினாக்கு நீ எப்படிச் சாப்டேன்னு சொல்லிட்டுப் போ. நான் சொன்னா அவ காதுல ஏற மாட்டேங்கறது." சகினா எழுந்து கிட்டவே வந்துவிட்டாள், துப்பட்டி ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு. என்ன சொல்வது? ஆனால் வாய் தானாகச் சொல்லிற்று, செபமாலை உருட்டுவது போல ஒன்றுவிடாமல், அஞ்சு வேளை, கேவுருக் கஞ்சியில பாலு, முட்டை, வேர்க்கல்லை, வாயப்பயம், வெறும் வயித்துல வெத்தலை வாணாம், மத்தியானம் செத்த படுத்து எந்திரி, "அப்பறம், வூட்ல எல்லார்க்கும் முன்னாடி நீ துன்னணும்." எல்லாம் மனப்பாடம். கற்ற பாடத்தில் ஒரு வரியையும் அவள் மறக்கவே இல்லை.

சகினா அதிசயமாகப் பார்த்தாள். "எல்லார்க்கும் முன்னாடியா? நீ அப்டி துன்னியா? வூட்ல ஒண்ணும் சொல்லலியா?"

தேசம்மா முந்தானையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். சொன்னார்கள் என்று சொல்ல ஆள் யார்? சூசையா? அவன் சந்தோஷப்பட்டிருப்பான். ஜெசிந்தா? அவள்தானே பால் டம்ளரைப் பாதியில் நீட்டி நீ குடிம்மா என்றாள், இவள்தான் தலையில் ஒரு குட்டு வைத்துக் குடிக்கச் சொன்னாள். மாமியார் செத்து ஆறு வருஷம். யார் வேண்டாம் என்றார்கள்? யாருமே சொல்லவில்லையே... உள்ளே சகினாவைக் கூப்பிட்டார்கள். அவள் அவசரமாகத் துணிமூட்டையைப் பிரித்து ஒரு வெல்லக் கடலை உருண்டையை எடுத்து, "இந்தாக்கா, எனக்குன்னு எடுத்தாந்தேன், நீ துன்னு, சொல்லிக் குடுத்தியே," என்று கையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

பாதி ஜெசிந்தாவுக்கு, பாதி சின்னவனுக்கு, என்று கை தன்பாட்டில் மடிக்குப் போயிற்று. மடியில் இடமில்லை. ஈயம் நிறைந்திருந்தது. முந்தானையும் அதைக் கட்டிப் பிடித்திருந்தது. உருண்டை கையிலேயே இருந்தது. வெல்லம் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. உள்ளே மெஷின் தண்டு டங்கென்று சத்தம் போட்டது, சகினா ஏறியிருக்கிறாள். அவள் இறங்கி வந்ததும் மறுபடி உள்ளே போக வேண்டும், போய், அம்மா என்று ஆரம்பிக்க வேண்டும், அதற்கப்புறம் என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியவில்லை. தேசம்மா திரும்ப வந்து சகினா எழுந்துபோன பெஞ்சி ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிரே வாயைப் பார்க்க யாரும் இல்லை. உருண்டையின் ஓரத்தைக் கொஞ்சமாகக் கடித்தாள்... யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லையே, பின்னே ஏன்?