இரண்டு தட்டு

பிலவேந்திரனின் சட்டைப் பையில் ஒரு சுண்ணாம்பு டப்பி இருந்தது. உள்ளே சுண்ணாம்பு இல்லை. மாயவனுக்கு மார்வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரைகள் இருந்தன. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் மாயவனின் பெண்சாதி இருசம்மாள் அதைக் கொடுத்துவிட்டு, கொடுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இத அவர் கையில மட்டும் குடுத்துடாதீங்க. எங்கனா வெச்சிட்டு மறந்துடுவாரு. உங்கள நம்பித்தான் அனுப்பறேன். முழுசா கூட்டினு போயி முழுசா கூட்டினு வாங்க."

"நான் இன்னா மக்காச்சோள மூட்டையா, சிந்தாம கொண்டாந்து எறக்கறதுக்கு?" என்றார் மாயவன். பேச்சு பழைய பேச்சுதான். குரலில்தான் காற்று போயிருந்தது.

நாற்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே செட்டில் மூட்டை தூக்கியவர்கள். நெல், மக்காச்சோளம், மல்லாட்டைக் கடலை என்று எது வந்தாலும் ஒரு மூட்டைக்கு இந்தப் பக்கம் மாயவன், அந்தப் பக்கம் பிலவேந்திரன். செட்டில் மொத்தம் எட்டுப் பேர். மூன்று பேரை நோய் கொண்டுபோனது. கருணாபுரத்தில் தெருத்தெருவாகப் பிணம் எடுத்த அந்த ஆனி மாதத்தில் இரண்டு பேரை விஷச் சாராயம் கொண்டுபோனது. ஒருவர் மகனோடு திருப்பூர் போனவர், போனவர்தான். மிச்சம் இவர்கள் இருவர்.

போன ஆடியில் மாயவன் களத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில், அடைத்திருந்த ரத்தக் குழாயில் கம்பிச் சுருள் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். பாரம் தூக்கக் கூடாது, ஆனால் தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் பாதியை மாயவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் பாதியைக் காதில் வாங்கவே இல்லை. வாசற்படி வரைக்கும் வருவார், திரும்பிவிடுவார். நடந்தால் கம்பி நழுவிவிடும் என்று பயம். நூறு கிலோ மூட்டையோடு லாரிப் பலகை மேல் ஏறிய மனுஷன், ஒரு குடம் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி நின்றார். ஐந்து மாதமாக இருசம்மாள் அவர் கிடந்த கட்டிலைப் பார்த்துப் பார்த்துப் பாதியாகிவிட்டாள்.

பிலவேந்திரனின் மகள் அனிட்டா கல்வராயன் மலை மேலே வெள்ளிமலையில் டீச்சராக இருக்கிறாள். ஐந்து வருஷமாக அப்பாவைக் கூப்பிடுகிறாள். அவரும் ஐந்து வருஷமாக அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு மலை என்றால் லோடு. கடுக்காய், புளி, மரவள்ளிக்கிழங்கு ஏற்றுவதற்கு லாரியில் போவார்கள். போகும்போது காலி சாக்கின் மேல் தூக்கம், வரும்போது லோடின் மேல் தூக்கம். அத்தனை வருஷத்திலும் அந்த மலையை அவர்கள் முதுகால்தான் பார்த்திருந்தார்கள்.

இந்தக் கிறிஸ்துமசுக்கு அவர் மனைவி பவுலின் முன்கூட்டியே மலைக்குப் போய்விட்டாள். "மாயவன் பெரியப்பாவையும் கூட்டினு வாப்பா" என்று அனிட்டா போனில் சொன்னாள். மாயவன் நான்கு நாள் முடியாது என்றார். ஐந்தாம் நாள் பிலவேந்திரன் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ வரலன்னா நானும் போவல. கிறிஸ்துமசு உன் வூட்டு வாசல்லதான். பவுலின் வந்து இன்னான்னு கேட்டா நீயே பதில் சொல்லிக்க."

பவுலினுக்குப் பதில் சொல்வதைவிட மலை ஏறுவது மேல் என்று மாயவன் கிளம்பினார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் பஸ் ஒரு டீக்கடை முன்னால் நின்றது. டிரைவர் கீழே இறங்காமலே டீ வாங்கிக் குடித்தார். மாயவன் ஜன்னலோரம் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கச் சொன்னால் படி உயரம் என்றார். பிலவேந்திரன் இறங்கி, சர்க்கரை கம்மியாக ஒரு டீ வாங்கி, ஜன்னல் வழியாகக் கிளாசை நீட்டினார். மாயவன் வாங்கிக்கொண்டார். கிளாஸ் அந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்ததும், பிலவேந்திரனின் கை தன்பாட்டில் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டியது.

அது நாற்பது வருஷப் பழக்கம். மூட்டையைத் தோளில் ஏற்றிவிடுகிறவன், அது சரியாக உட்கார்ந்ததும் அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டுவான். என் கை எடுத்தாச்சு, இனி பாரம் உன்னுது, போ என்று அர்த்தம். தட்டு விழாமல் சுமக்கிறவன் காலை எடுத்து வைக்க மாட்டான். பிலவேந்திரன் பேத்திக்குச் சோற்றுத் தட்டைக் கொடுத்தால்கூடத் தட்டில் இரண்டு தட்டுவார். பவுலின் எத்தனையோ முறை திட்டியும் போகவில்லை.

பஸ் டிரைவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா? தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தால் அவருக்குக் கிளம்பு என்று அர்த்தம். கிளம்பிவிட்டார். கண்டக்டர் முன்பக்கம் திரும்பி நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பிலவேந்திரன் பத்தடி ஓடினார். மூட்டை தூக்கித் தேய்ந்த முட்டி மடங்கியது. ஜன்னலில் மாயவன் கிளாசை வாயில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு போனது தெரிந்தது. முதல் வளைவில் பஸ் மறைந்தது.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. டப்பி அங்கே இருந்தது. அங்கே இருந்ததுதான் இப்போது கோளாறு.

மாயவனிடம் போன் கிடையாது, அதை இருசம்மாள்தான் வைத்திருக்கிறாள். பிலவேந்திரன் மகளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"நீ இன்னாப்பா பண்ண?"

"தட்டிட்டேம்மா."

அனிட்டாவுக்கு அந்தப் பழக்கம் தெரியும். "சரி, நான் பஸ்ஸ்டாண்டுல நின்னு பெரியப்பாவ எறக்கிக்கறேன். நீ அடுத்த பஸ்ஸுல வா. பன்னெண்டு மணிக்கு இருக்குது. அங்கியே குந்து. நடக்க ஆரம்பிச்சுடாத."

பிலவேந்திரன் குந்திப் பார்த்தார். டீக்கடை பெஞ்சு முள்ளாய்க் குத்தியது. மலையேறும்போது காது அடைக்கும், மூச்சு மாறும். அந்தப் பயந்தாங்கொள்ளி மாரைப் பிடித்துக்கொண்டால் பக்கத்து சீட்டுக்காரனுக்கு என்ன தெரியும்? எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு பர்லாங் போவதற்குள் போன் அடித்தது. இருசம்மாள்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"மலை ஏறிக்கினு இருக்கோம்மா."

"அவரு?"

"முன்னால போய்க்கினு இருக்காரு."

"டீ கீ குடிச்சாரா?"

"குடிச்சாரு. கிளாசு இன்னும் அவர் கையிலதான் கீது."

"அவராண்ட குடுங்க போன."

"சிக்னல் வுட்டு வுட்டு வருதும்மா" என்று சொல்லிப் போனை அணைத்தார். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை, கடைசியைத் தவிர.

அரை மணி நேரம் நடந்திருப்பார். முட்டி இனி முடியாது என்று சொல்லிவிட்ட இடத்தில், பின்னாலிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றக் காலியாக மேலே போகும் வண்டி. ஓட்டியவர் சின்னக்கண்ணு என்ற மலைக்காரர், ஐம்பது வயசு இருக்கும்.

"இன்னா பெரியவரே, மலைய அளந்துக்கினு போறீங்களா? ஏறுங்க."

ஏறி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். சின்னக்கண்ணு சிரித்தார். "பஸ்ஸ நீங்களே அனுப்பி வெச்சிட்டு நீங்களே துரத்திக்கினு போறீங்களா?" ஆனால் டப்பியை எடுத்துக் காட்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியை முடுக்கினார்.

அப்போது அனிட்டாவின் போன் வந்தது. "அப்பா, பஸ்ஸு வந்துடுச்சு. உன் பை சீட்டு மேல இருக்குது. பெரியப்பா இல்லப்பா." அதோடு லைன் அறுந்தது. திரும்பப் போட்டார். போகவில்லை. மறுபடி போட்டார். போகவே இல்லை.

வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பிலவேந்திரன் பள்ளத்தையே பார்த்தார். எந்தப் பாரத்தையும் இறக்கி வைக்க ஓர் இடம் இருக்கும். இதை எங்கே இறக்குவது? இருசம்மாள் பிடித்த கையில் அவள் விரல் பட்ட இடம் இன்னும் சூடாக இருப்பதுபோலப் பட்டது. ஒரு டீக்காக, இரண்டு தட்டுக்காக. இந்தக் கையை வெட்டித்தான் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மாதாவே, அவன் எங்கேயாவது உட்கார்ந்திருக்கட்டும், உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டு இருக்கட்டும்.

மூன்று வளைவு தாண்டியதும், சாலை ஓரமாக எதிரில் ஏதோ பளிச்சென்று மின்னியது. முதலில் தெரிந்தது கிளாஸ்தான். பிறகு அதைப் பிடித்திருந்த கை. பிறகு மாயவன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓரத்துக் கல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, இறக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

வண்டி நிற்பதற்குள் பிலவேந்திரன் கதவைத் திறந்துவிட்டார்.

"எங்கடா போற?" என்றார் மாயவன்.

"உன்னத் தேடித்தான்."

"நான் உன்னத் தேடி எறங்கிக்கினு இருக்கேன், நீ ஏறிக்கினு இருக்கியா? எவனாச்சும் ஒருத்தன் ஒரு எடத்துல நிக்க வாணாம்?"

பிலவேந்திரன் கிட்டே போனார். மாயவனின் மாரில் கையை வைத்தார். உள்ளே அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது. மார்ல இல்ல, செருப்பு வாரு கடிக்குது. கைய எடு, வண்டிக்காரரு பாக்கறாரு."

கை வர மறுத்தது. பிலவேந்திரன் சாலை ஓரக் கல்லில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சின்னக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. பிலவேந்திரனுக்கே தெரியவில்லை. நூறு மூட்டை இறக்கி முடித்துவிட்டு லாரி அடியில் நிழலில் சாயும்போது உடம்பு இப்படித்தான் ஆகும்.

மாயவனும் பக்கத்தில் குந்தினார். "டீ குடிச்சிட்டுத் திரும்பிப் பாக்கறேன், பக்கத்துல உன் பை மட்டும் குந்திக்கினு இருக்குது. கத்தனேன். கண்டக்டரு, அடுத்த பஸ்ல வருவாரு, பேசாம குந்து தாத்தான்றான். அவன் முட்டி உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமான்னு கேட்டேன். அந்தாளு ஒரு எடத்துல குந்த மாட்டான், நடப்பான், முட்டி வுட்டுடும், ரோட்ல விழுந்தா தூக்கறதுக்கு அங்க எவன் இருக்கான்னேன். நிறுத்த மாட்டேன்னாங்க. சண்ட போட்டேன்."

"நீயா?"

"பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. நல்லா மேல போய்தான் நிறுத்தனாங்க. அங்கருந்து புடிச்சி நடந்துக்கினு இருக்கேன்."

"பைய ஏன் வுட்டுட்ட?"

"வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு இல்ல?"

இப்போது இருவரும் சிரித்தார்கள். வாசற்படியைத் தாண்டாத மனுஷன் ஒரு மைலுக்கு மேல் மலையில் இறங்கி வந்திருக்கிறார் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. திரும்பி, தான் வந்த வளைவை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் மாரை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். கம்பி எங்கும் நழுவவில்லை.

போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. அனிட்டாவுக்குத் தகவல் போனது. பின்னால் பவுலின் ஏதோ சத்தம் போடுவது கேட்டது. அதை வீட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். பிறகு இருசம்மாளைக் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் பிலவேந்திரனே சொன்னார். போனை மாயவனிடம் கொடுத்தார்.

"நடந்தேன்" என்றார் மாயவன்.

"எவ்ளோ தூரம்?"

"ஒரு மைலுக்கு மேல இருக்கும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "மாத்திர?"

"டப்பியில அப்படியே கீது. இந்தா, தை மாசம் மணலூர்பேட்டை ஆத்துத் திருவிழாவுக்கு நீயும் கெளம்பு. இவன மட்டும் கூட்டினு போவக் கூடாது, வழியில வுட்டுடறான்."

சின்னக்கண்ணு ஒருவரை முன்னால் உட்காரச் சொன்னார். இருவரும் பின்னால்தான் ஏறுவோம் என்றார்கள். காலி சாக்குகளை மடித்துப் போட்டு இடம் செய்தார்கள். பிலவேந்திரன் கைகொடுத்து மாயவனை மெதுவாக மேலே ஏற்றினார். நன்றாக உட்கார வைத்ததும் கை பழக்கத்தில் முதுகுக்குப் போனது.

"தட்டிப் பாரு" என்றார் மாயவன். "இன்னொரு தரம் தட்டன, கைய ஒடச்சி உன்கிட்டயே குடுத்துடுவேன்."

பிலவேந்திரன் கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் சாய்ந்தார். இந்த முறை இருவரும் வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேலே மார்கழிப் பனி இன்னும் கலையாமல் மரங்களுக்குள் நின்றது. இத்தனை மரம் இருக்கிறதா இங்கே என்று பிலவேந்திரன் நினைத்தார்.

"போலாமா பெரியவரே?" என்று முன்னாலிருந்து சின்னக்கண்ணு கேட்டார்.

மாயவன் டீ கிளாசை, திரும்பும்போது கடையில் கொடுக்க வேண்டும் என்று சாக்கு மடிப்பில் பத்திரமாகச் செருகினார். பிறகு கையை நீட்டி, வண்டித் தகரத்தில் அவரே இரண்டு தட்டுத் தட்டினார்.