மூத்தவள் எண்ணிய துண்டுகள்

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து எரிந்தது.

பின்னே? நடுக்குவாதம் வந்தவர்களின் மூளைச் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஏன் உடைகிறது என்று அந்த ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவள் அவள். கொழுந்தன் பெண்டாட்டி படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளே என்று பரிதாபப்பட்டு, தலைவரிடம் சொல்லி உள்ளே கொண்டுவந்தவளும் அவளேதான். வந்து மூன்று வருஷம் ஆகவில்லை, அந்தச் சின்னவள் ஒரு மருந்தைப் பிடித்துவிட்டாள். அதைப் போட்டால் உடைந்ததெல்லாம் மறுபடி ஒட்டிக்கொள்கிறதாம்.

வீட்டிலும் அதே பாட்டு. மாமனாருக்கு அந்த வியாதிதான். டீ கப்பை எடுத்தால் பாதி மடியில் இருக்கும். "சின்னவ கை ராசியான கை" என்பார். அப்படியென்றால் மூத்தவள் கை என்ன களிமண்ணா? அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மனசுக்குள் மட்டும் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டாள்.

தலைவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு முடிவு நன்றாக வரவேண்டும் என்று ஆசைப்படாத ஆள்தான் அதை எண்ண வேண்டும். செல்லைப் படம் பிடித்து இரண்டு கட்டாகக் கட்டி, மேலே எண் மட்டும் போடுவார்கள். எது மருந்து போட்ட செல், எது போடாதது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. மைட்டோகாண்ட்ரியா நூல் மாதிரி நீளமாக இருந்தால் முழுசு, பொடிப்பொடியாக இருந்தால் துண்டு. அவ்வளவுதான் வேலை.

"நீங்களே எண்ணிடுங்க" என்றார் தலைவர், எல்லோர் முன்னாலும். "உங்களை விட்டா ஆசைப்படாத ஆள் இங்க யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

கட்டுகளைப் பிரித்ததுமே தனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். படம் எடுத்தது சின்னவள். முதல் கட்டில் அறுபது படம், ஒவ்வொன்றும் பளிச்சென்று, பார்த்துப் பார்த்து எடுத்தது. இரண்டாவதில் முப்பத்தைந்துதான், கடனே என்று எடுத்த மாதிரி. பெற்ற பிள்ளையைத்தானே யாரும் நிறையப் படம் எடுப்பார்கள்? முதல் கட்டுதான் மருந்து. மாட்டினாயாடி மகளே.

அப்பட்டமாகப் பொய் எழுதவில்லை, அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆனால் நூலா பொடியா என்று சொல்ல முடியாதவை எல்லாக் கட்டிலும் நிறைய இருக்கும். முதல் கட்டில் அப்படி வந்ததையெல்லாம் துண்டில் போட்டாள். இரண்டாவதில் வந்ததையெல்லாம் முழுசில் போட்டாள். நான்கு நாள் உட்கார்ந்து எண்ணினாள். கண் வலித்தது, மனசு மட்டும் குளுகுளு என்றிருந்தது.

ஐந்தாம் நாள், எது மருந்து என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையைத் தலைவர் கிழித்தார்.

"இரண்டாவது கட்டுதான் மருந்து" என்றார். பிறகு அவள் தாளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "மருந்து இவ்வளவு நல்லா வேலை செய்யும்னு நான் எதிர்பார்க்கல."

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அந்த அறுபது படம்?"

"அது மருந்து போடாதது, அக்கா" என்றாள் சின்னவள். கண் கலங்கியிருந்தது. "மருந்துப் பக்கம் எனக்கு ஆசை இருக்கே, அதுக்கு நல்லா எடுத்து இதைக் கோட்டை விட்டுடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் இதுக்கு அவ்வளவு மெனக்கெட்டேன்." மூத்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எண்ணினதாலதான் நான் நம்புறேன். மாமாகிட்ட இன்னைக்கே சொல்லிடட்டுமா?"

சொன்னால் அந்த மனுஷன் நாளைக்கே கை நடுக்கம் நின்றுவிடும் என்று உட்கார்ந்திருப்பார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மூத்தவளை யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

"சொல்லாதே" என்றாள். "நான் எண்ணினது செல்லாது."

"ஏன்?" என்றார் தலைவர்.

"முதல் கட்டுதான் இவ மருந்துன்னு நினைச்சேன். சந்தேகமானதையெல்லாம் அதுல துண்டுன்னு போட்டேன், இரண்டாவதுல முழுசுன்னு போட்டேன். பொறாமை சார். வேற காரணம் இல்ல."

சின்னவள் பிடித்த கையை விட்டாள். படக்கட்டு இரண்டையும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மூத்தவள் பக்கம் திரும்பாமலே, "வீட்டுல மாமா கேப்பாரே, நான் என்ன சொல்றது?" என்றாள்.

"நான் சொல்லிக்கிறேன்."

சாயந்திரம் மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். மூத்தவள் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் மடியில் இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன.

"அப்ப மருந்து பொய்யா?"

"பொய்யில்ல மாமா. எவ்வளவு நிஜம்னுதான் தெரியாம பண்ணிட்டேன். மறுபடி எண்ணணும்."

"யாரு எண்ணுவா?"

"நான் இல்ல, மாமா."