வெள்ளிக்கிழமை முடியவிருந்த உலகம்

என் வீட்டுக்காரர் சொரிமுத்துவுக்கு உலகம் அழியப்போகிற தேதி எப்போதும் கைவசம் இருக்கும். மகள் பிறந்த தேதியைக் கேட்டால் திருதிருவென்று என் முகத்தைப் பார்ப்பார். ஆனால் எந்த மாதம் எந்தக் கிரகம் எதோடு முட்டும், கடல் எப்போது ஊருக்குள் வரும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எல்லாம் போனில் பார்ப்பதுதான். பட்டை பட்டையாகக் குங்குமம் பூசிய ஒருவன் தினம் வந்து பயமுறுத்துவான். இவரும் பிள்ளை பாடம் கேட்கிற மாதிரி கேட்பார்.

தாராவியில் எங்களுக்கு இட்லி வியாபாரம். நான் அவிக்க, அவர் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு செம்பூர் போய் விற்பார். நாளைய இட்லிக்கு இன்றே ஊறப்போட்டு ஆட்டி வைக்க வேண்டும். நாளை என்று ஒன்று உண்டு என்று நம்பாத ஆள் இந்தத் தொழிலில் ஒரு வாரம் நிற்க முடியாது. இவரோ காலையில் உலகம் அழியும் என்பார், மதியம் வந்து உளுந்து களைந்து கொடுப்பார். அதனால் நானும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இந்தத் தடவைதான் வம்பாகிவிட்டது.

எங்கள் மகள் மாரிசெல்விக்குப் பூ வைக்க வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை தமிழ்செல்வன் பக்கத்துச் சந்தில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். அவன் அம்மா மீனாட்சியம்மாள் வந்து பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதியாகிவிடும். மாரிசெல்விக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. சயானில் லேப் வேலை முடிந்து வருகிறவள், நேரான வழியை விட்டுவிட்டு அந்தச் சந்தைச் சுற்றிக்கொண்டு வருவது எனக்குத் தெரியாதா என்ன.

செவ்வாய்க்கிழமை வியாபாரம் முடிந்து வந்தவர் சைக்கிளைக்கூடச் சரியாக நிறுத்தவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"லதா, வெள்ளிக்கிழமை கடலு உள்ள வரப்போவுது."

"அந்தக் குங்குமக்காரன் சொன்னானாக்கும்."

"அவன் மட்டும் சொன்னா நான் நம்புவேனா? அணுசக்தி ஆபீஸ் பஸ்ஸுக்கு நிக்காவல்லா, நம்ம வாடிக்கைக்காரவிய. அத்தன பேரும் ஒண்ணுபோலச் சொல்லுதாவ, வெள்ளிக்கிழமை இட்லி கொண்டுவர வேண்டாம்னு. அணுவையே பிளக்கிறவியளுக்குத் தெரியாம இருக்குமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "அன்னைக்கு ஏதாச்சும் பண்டிகை லீவா இருக்கும்ங்க. நமக்குத்தான் நாளும் கிடையாது கிழமையும் கிடையாது. ஆபீஸ்காரவியளுக்குமா அப்படி?"

"லீவுன்னுதான் மொதல்ல சொல்லுவாவ. கொரோனாவுக்கும் ஒரே ஒரு நாள் வெளிய வராதீயன்னுதான ஆரம்பிச்சாவ?"

அப்படித்தான் ஆரம்பித்தார்கள். நாங்கள் வழக்கம்போல மாவாட்டி வைத்திருந்தோம். எங்கள் சந்தின் வாயைத் தடுப்புப் போட்டு அடைத்துவிட்டார்கள். பொங்கிப் புளித்துப்போன மாவை அண்டா அண்டாவாகச் சாக்கடையில் கொட்டினோம். பிறகு வந்த நாட்களில் அப்போது பள்ளிக்கூட வயதிலிருந்த மாரிசெல்வி, தட்டை அப்பா பக்கம் தள்ளிவிட்டு, "எனக்குப் பசிக்கலப்பா" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அவளுக்குப் பசித்தது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் மனுஷன் போனில் அழிவைத் தேட ஆரம்பித்தார். எவனாவது முன்கூட்டிச் சொல்லிவிட மாட்டானா என்று. இது புரிந்ததால்தான் இத்தனை வருடமும் நான் அந்தப் போனைப் பிடுங்கி எறியாமல் இருக்கிறேன்.

"இப்ப என்ன செய்யச் சொல்லுதிய?"

"மூணு பேரும் வியாழக்கிழமை ராத்திரியே கிளம்பி கர்ஜத் போயிருவோம். அங்க மலப்பக்கம் நம்ம கூட்டாளி வீடு இருக்கு. பூ வைக்கிறத தள்ளி வைக்கச் சொல்லுதேன். உலகம் மிஞ்சுனா அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்."

என் பொறுமை போய்விட்டது. "அடுத்த மாசம் புரட்டாசி. எவன் பூ வைக்க வருவான்? குறிச்ச நாளத் தள்ளுனா, பொண்ணுக்கு என்னமோ கோளாறுன்னு இந்தச் சந்து பூரா பேசும். உம்ம கடலு வருதோ வரலையோ, எம்மவ வாழ்க்கை முங்கிரும்."

கோபம் வந்தால்தான் நான் அவரை 'உம்ம' என்பேன். அது தெரிந்தும் அவர் அசையவில்லை. போனை எடுத்து மீனாட்சியம்மாள் நம்பரைத் தேட ஆரம்பித்தார். நம்பர் கண்ணில் படாமல் மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை.

மாரிசெல்வி எப்போது வந்தாள் என்று தெரியாது. பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அப்பா, வியாழக்கிழமை உலகம் இருக்கும்லா?"

"இருக்கும்மா."

"பக்காவா?"

"பக்கா. வெள்ளிக்கிழமைதான்."

"டீக் ஹை. அப்ப வியாழக்கிழமையே பூ வச்சிருவோம். முடிஞ்சதும் நீங்க கூப்புடுற எடத்துக்கு வாறேன்."

அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

எனக்கோ வேறு பயம் பிடித்துக்கொண்டது. தள்ளி வைத்தால் ஒரு பேச்சு என்றால், அவசரப்பட்டால் அதைவிட மோசமான பேச்சு. ஏதாவது பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். கல்யாணப் பேச்சைப் பொய்யில் ஆரம்பிக்க மனசு வரவில்லை. மீனாட்சியம்மாளிடம் உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டேன்.

"மதினி, தப்பா நெனைக்காதிய. எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை உலகம் அழியுதாம். வியாழக்கிழமையே வர முடியுமா?"

சொல்லி முடித்ததும், கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"எங்க வீட்டுலயும் ஒரு ஆளு இருந்தாரு மதினி," என்றாள் மெதுவாக. "ஒரு தடவ வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி வந்துட்டு. அதுக்கப்புறம் சாவுற வரைக்கும், மழ பெஞ்சா அவரு ஒறங்கல. முழிச்சி இருந்து எங்களப் பாத்துக்கிடுவாரு. அண்ணன் கொணம் எனக்குத் தெரியுது. வியாழக்கிழமையும் நல்ல நாளுதான். வாறோம்."

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். எங்கள் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்தவர்கள் பாதி, சந்தில் நின்றவர்கள் பாதி. மீனாட்சியம்மாள் மாரிசெல்வியின் தலையில் பூ வைத்தாள். சந்தில் நின்ற தமிழ்செல்வன் ஆட்களின் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தான். சொரிமுத்து கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கர்ஜத் போகிற பை அவர் காலடியில் இருந்தது. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காபி கொடுத்து முடித்ததும் மீனாட்சியம்மாள் கேட்டாள். "அண்ணே, கல்யாணத்த தையில வச்சிக்கிடுவமா?"

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். விஷயம் அதற்குள் எல்லோர் காதுக்கும் எட்டியிருந்தது. விடிந்தால் உலகமே இல்லை என்கிற மனிதரிடம் தை மாதத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்? மாரிசெல்வி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நன்றாகவே யோசித்தார்.

"தை வேண்டாம்மா," என்றார்.

என் உயிர் போய்விட்டது.

"தையில பொங்கக் கூட்டம். ரயிலுல டிக்கெட் கெடைக்காது. ஊருலேர்ந்து என் தங்கச்சி, சித்தப்பா மக்க எல்லாரும் வரணும்லா? மாசியில வைங்க. அப்ப வெயிலும் அவ்வளவா இருக்காது. மாட்டுங்காவுல அந்தப் பெரிய மண்டபமும் கெடைக்கும்."

"மாசியில மண்டபத்துக்கு அடிதடிலா அண்ணே," என்றாள் மீனாட்சியம்மாள். "இப்பவே சொல்லி வச்சாத்தான் உண்டு."

"அதுக்கென்ன, நாளைக்குக் காலையில நானே போய்ச் சொல்லிட்டு வாறேன்," என்றார் சொரிமுத்து.

ஒருவரும் சிரிக்கவில்லை. தமிழ்செல்வன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், மீனாட்சியம்மாள் ஒரு பார்வையில் அடக்கிவிட்டாள். மாரிசெல்வி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பி நின்று, யாருக்கும் தெரியாமல் அழுதேன்.