பாதி கொத்திய பாத்தி

“அதை வெளிய வைக்காதே! பனியில செத்துப் போயிடும்!”

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முன்னறையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நாற்றுத் தட்டை வாசல் வரை தூக்கிப் போயிருந்த கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். அறையின் நடுவே சவப்பெட்டியில் அவள் புருஷன் இஸ்திரி போட்ட சட்டையோடு படுத்திருந்தார்.

“எடம் இல்லையே அண்ணி. ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க.”

“அடுக்களையில வை. அடுப்பு மேல வை. இன்னிக்கு யாரு சமைக்கப் போறா?”

தக்காளி, மிளகாய், கத்தரி. ஜன்னல் விளிம்பு, புத்தக அலமாரி, ஃபிரிட்ஜ் தலை என்று ஒரு இடம் விட்டுவைக்கவில்லை அந்த மனுஷன். குளிர் விடுவதற்குள்ளேயே தயிர் டப்பாக்களிலும் குழி குழியான நாற்றுத் தட்டுகளிலும் விதை ஊன்ற ஆரம்பித்துவிடுவார். லிப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை. ‘லிப்ட்காரர் வீட்ல எல்லாம் மேல போய்க்கிட்டே இருக்கும்’ என்று தெருவே கேலி பேசும். இப்போது ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று, டப்பாக்கள் இருக்கின்றன. ஆளையே விழுங்கின இந்தச் செடிகளுக்காகவா நான் தொண்டை கிழியக் கத்தினேன்? அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு டீச்சர் அவள் தோளைத் தொட்டாள். “கொடுத்து வச்ச மனுஷன்மா. பிடிச்ச வேலையைச் செஞ்சுக்கிட்டே போயிட்டாரு.”

காலையிலிருந்து வருகிறவர் போகிறவரெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“என்னத்தைக் கொடுத்து வச்சாரு டீச்சர்? இருதயம் பலவீனம், ஒரு வாளித் தண்ணி கூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. மருந்துக் கடையில வேலை பாக்கறவ நான். மாத்திரையைக் குடுத்துட்டு, முழுங்கினாரான்னு வாயைத் தொறக்கச் சொல்லிப் பாப்பேன், கைக்குழந்தைக்குப் பாக்கற மாதிரி. வீட்டு மண்வெட்டியைக் கொண்டுபோய்க் கடை ஸ்டோர் ரூம்ல பூட்டி வச்சேன். இருமல் மருந்து பக்கத்துல மண்வெட்டியான்னு எல்லாரும் சிரிச்சாங்க. அப்படியும் பாத்தியைக் கொத்தியிருக்காரு. கொடுத்து வச்சவராம்!”

டீச்சர் தன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டாள்.

சொல்லி முடித்ததும்தான் அவளுக்கு அது இடித்தது. மண்வெட்டி கடையில் இருக்கிறது. அப்படியானால் எதை வைத்துக் கொத்தினார்?

புறக்கடைக் கதவைத் திறந்துகொண்டு போனாள். முந்தாநாள் வேலை முடிந்து வந்தபோது அவர் அங்கே குப்புறக் கிடந்தார். அவரைத் தவிர வேறெதுவும் அப்போது கண்ணில் படவில்லை. அதன் பிறகு அவள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பாத்தியின் பாதி, கொத்திப் புரட்டிக் கறுப்பாகக் கிடந்தது. மீதி, குளிரில் இறுகியது இறுகியபடியே இருந்தது. நடுவில் ஒரு மண்வெட்டி கிடந்தது. புத்தம் புதுசு. காம்பில் விலை ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு நேரே முன்னறைக்கு வந்தாள். விரிப்பெல்லாம் மண் உதிர்ந்தது.

“இதை யாரு வாங்கிக் குடுத்தது?”

அவள் கொழுந்தனைப் பார்த்தாள்.

“என்னைப் பாக்காதீங்க அண்ணி. சத்தியமா நான் இல்லை.”

“எவனா இருந்தா என்ன? நான் பூட்டி வச்சிருக்கேன்னு தெரிஞ்சே குடுத்திருக்கான். அந்தக் கை வெளங்காமப் போகட்டும். ஒரு பிடி சோறு எடுத்து வாயில வைக்க முடியாமப் போகட்டும்!”

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள்.

“நான்தாம்மா.”

டீச்சர் “ஐயோ” என்றாள்.

“போன தடவை வந்தப்ப கார்ல வச்சுக் கொண்டுவந்தேன். ஃபோன்ல கெஞ்சிக்கிட்டே இருந்தாரும்மா. உங்கம்மா என்னை நாற்காலியில உக்கார வச்சே கொன்னுடுவா போலிருக்குன்னாரு. சும்மா மேலாகத்தான் கிளறுவேன்னாரு. நம்பிட்டேன்.”

எனக்குத் தெரியாமல் அப்பனும் மகளும் பேசி வைத்துக்கொண்டார்களா? அந்த நிமிஷம் அவளுக்கு மகளைப் பிடிக்கவில்லை. பெற்றவளுக்கு அப்படித் தோன்றலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பெட்டியை ஏற்ற வாசலில் வண்டி வந்து நின்றது. கொழுந்தன் அவள் விரல்களைப் பிரித்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

குழி மேட்டில் அம்மா ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். திரும்பும்போதும் வேறு வேறு வண்டி.

சாயங்காலத்துக்குள் வந்தவர்கள் எல்லாரும் கலைந்துவிட்டார்கள். அவள் அடுக்களையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் தோளில் பையோடு வந்து நின்றாள்.

“நான் கெளம்பறேம்மா.”

இப்போது போனால் இவள் இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டாள். அப்பனின் பிடிவாதம் அச்சு அசலாக இறங்கியிருக்கிறது. போயேன், யாருக்கு நஷ்டம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் குழாயை மூடினாள்.

“போயிட்டா இந்தக் கழுதைங்களை எல்லாம் யாரு பாக்கறது?”

அடுப்பு மேடை முழுக்க நாற்றுத் தட்டுகள்.

“என் கை வெளங்காதுன்னு நீதானே சொன்னே.”

“சொன்னேன். நீதான்னு தெரிஞ்சா சொல்லியிருப்பேன்? கோவம் போயிடுச்சான்னு மட்டும் கேக்காதே. போகலை. உன் மேலயும் போகலை, அவர் மேலயும் போகலை. அவரைத்தான் பிடிச்சுக் கேக்க முடியலை. நீயும் போயிட்டா நான் யார்கிட்டடீ சண்டை போடுவேன்?”

மகள் தோளிலிருந்து பையை இறக்கவில்லை.

அவள் இழுப்பறையைத் திறந்து, சின்னக் கத்தரிக்கோலை எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

“ஒவ்வொரு குழியிலயும் ரெண்டு ரெண்டு நிக்குது பாரு. மெலிஞ்சதை வெட்டிடணும், இல்லேன்னா ரெண்டும் உருப்படாது. உங்கப்பாவுக்கு அதுக்கு மட்டும் மனசு வராது. பாவம், அதுவும் கஷ்டப்பட்டுத்தானே மொளைச்சு வந்துச்சும்பாரு. வெட்டு.”

“பிடுங்கினா என்ன?”

“பிடுங்கினா பக்கத்துல இருக்கறதும் வேரோட வந்துடும். மண்ணுக்கு மேலாக வெட்டு.”

மகள் பையை நாற்காலியில் வைத்தாள். குனிந்து முதல் குழியைப் பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணு போலத்தாம்மா இருக்கு.”

“நல்லாப் பாரு.”

கத்தரிக்கோல் தண்டருகே போய்த் திறந்தபடி நின்றது. மகளின் முழங்கை பட்டுத் தட்டு லேசாக ஆடியது. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து, தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.