அம்மா தலையாட்டிய சொல்

ஒன்பதாவது ஆளின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் மேஜைமேல் அதிர்ந்தது. அம்மாதான். அம்மா வேலை நேரத்தில் போனைத் தொடமாட்டாள். தொட்டால் ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். நரம்பைத் தேடி, ஊசியைச் செலுத்தி, ஊதா மூடிக் குழாயை நிரப்பி, லேபிள் ஒட்டி, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அவரை அனுப்பிவிட்டுத்தான் கையுறையைக் கழற்றினாள்.

ஒரு படம் வந்திருந்தது. அம்மா ஆயாவாக வேலை பார்க்கும் தனியார் பள்ளிக்கூடத்தின் முன்கூடத்தில் புதிதாக மாட்டிய நீளப் பலகை. "வானம் தொட்ட நம் பிள்ளைகள்" என்று தலைப்பு. பன்னிரண்டு முகங்கள். இரண்டாவது வரிசையில், இதய அறுவை நிபுணர் ஒருவருக்கும் விமானத் துறை வல்லுநர் ஒருவனுக்கும் நடுவில் அவள் முகம். கீழே தங்க எழுத்தில் "முதன்மை விஞ்ஞானி". அதற்கும் கீழே, அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பெயர், ஒரு எழுத்துப் பிசகாமல்.

கூடவே அம்மாவின் குரல்: "பாப்பா, நீ நட்டநடுவுல இருக்க. நல்லாத் தொடச்சுட்டுத்தான் எடுத்தேன்."

அவள் படத்தைப் பெரிதாக்கி மறுபடி படித்தாள்.

அவள் விஞ்ஞானி இல்லை. முதன்மையும் இல்லை, அங்கே இருக்கும் ஏழு டெக்னீஷியன்களில் ஆறாவது. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பது, லேபிள் ஒட்டுவது, குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தில் அடுக்குவது அவள் வேலை. அதற்குத்தான் பட்டம் படித்தாள். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. என்ன வேலை என்று எவர் கேட்டாலும் நேராக முகத்தைப் பார்த்துச் சொல்லுவாள். இல்லாத ஒன்றைத் தலையில் கட்ட இவர்கள் யார்?

கோபம் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இது கோபம் மட்டும் இல்லை. நிலையத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் இரண்டு தப்புகளுக்கு மன்னிப்பே கிடையாது. ஒன்று, மாற்றி ஒட்டிய லேபிள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனால் இரண்டு பேருக்கும் மருந்து மாறும். அதனால் அங்கே யாரிடமும் "நீங்கதானே இன்னார்?" என்று கேட்கக் கூடாது. "உங்க பேரச் சொல்லுங்க" என்றுதான் கேட்க வேண்டும். பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார். இரண்டாவது, இல்லாத பட்டம். போன வருஷம் ஒருத்தர் தன் விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று அடித்துக்கொண்டார். அங்கே பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். அன்றே வேலை போய், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குப் போனார்.

பலகைப் படம் வந்த அன்று மத்தியானமே டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அவளிடம் கேட்டார். "நீ எந்த ஸ்கூல்ல படிச்ச?"

அவள் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. பேரனுக்கு அங்கதான் பாக்கலாம்னு இருக்கோம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லிருக்காங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் குழாய்களை அடுக்கப் போய்விட்டாள். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பத்து வருஷமாக அந்தக் கேட்டுக்குள் அவள் கால் வைத்ததில்லை. அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கையில், அம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். இந்தப் பொண்ணு தேறாது, பள்ளியின் நூற்றுக்கு நூறு தேர்ச்சி இவளால் கெட்டுப்போகும், நீங்களாகவே டி.சி. வாங்கிக்கொண்டால் மரியாதை என்றார்கள். அம்மா வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, அதற்கு முன் நாலு வருஷமாகச் செய்ததுபோலவே, அதே பள்ளிக்கூடத்தின் வராந்தாவைத் துடைக்கப் போனாள். இவள் தனித்தேர்வராக, முன்பின் தெரியாத ஒரு பள்ளியின் மைதானத்துக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதித் தேறினாள். அந்த வருஷமும் இவர்கள் வாசலில் நூற்றுக்கு நூறு என்று பேனர் கட்டினார்கள்.

தாளாளர் அவளை உட்காரச் சொன்னார். அவள் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"லேப்லதானம்மா இருக்க? ரத்தத்த வச்சு என்ன, பல்லாங்குழியா ஆடுற? ஆராயுற. ஆராயுறவங்க விஞ்ஞானி. இதுல பொய் எங்க இருக்கு?"

"ஆய்வக டெக்னீஷியன்னு மாத்திடுங்க சார். இல்ல, என் படத்த எடுத்துடுங்க."

"சனிக்கிழமை அட்மிஷன். ரத்தம் எடுக்குற பொண்ணுன்னு போட்டா எந்த அப்பன் பிள்ளையச் சேப்பான்?"

"நான் உங்க பள்ளிக்கூடத்துல பாஸே பண்ணல. நீங்கதான் டி.சி. குடுத்துத் தொரத்துனீங்க."

தாளாளர் கொஞ்சமும் அசரவில்லை. "அந்தக் கோவத்துலதான படிச்ச? அப்ப அதுல நம்ம பங்கும் இருக்குல்ல." பிறகு மேஜையிலிருந்த மணியை அடித்தார். அம்மா தண்ணீர்க் கூஜாவுடன் வந்தாள். மகளைப் பார்த்தும் பார்க்காததுபோல டம்ளரில் ஊற்றினாள். "ஆயா நம்மகூடப் பதினாலு வருஷமா இருக்காங்க," என்றார் தாளாளர், தண்ணீரைப் பார்த்தபடி. "இன்னும் ரொம்ப நாள் இருக்கட்டும்."

அவள் எழுந்துகொண்டாள். ஒரு வீட்டில் இரண்டு வேலை. ஒன்றைக் காப்பாற்றப் போனால் இன்னொன்றின் கழுத்தில் கத்தி.

வெளியே வந்து விமானத் துறை வல்லுநருக்குப் போன் செய்தாள். வகுப்பில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். விமான நிலையத்தில், பயணிகளை விமானத்தின் படிவரைக்கும் கொண்டுபோய் விடுகிற பஸ்ஸை ஓட்டுகிறான். பலகையை நினைத்து அவனும் கொதிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவனோ, மகளைக் கட்டிக்கொடுக்க இத்தனை நாள் இழுத்தடித்த அத்தை அதைப் பார்த்துவிட்டுக் கல்யாணப் பேச்சுக்கு இறங்கி வந்திருக்கிறாள், உன் காலைப் பிடிக்கிறேன், பலகையில் கைவைத்துக் கெடுத்துவிடாதே என்றான். தினமும் விமானத்தைத் தொடுகிற தூரத்தில் நிற்கிறவன் வல்லுநர் இல்லாமல் வேறு யார் என்றும் கேட்டான். போனை வைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் சனிக்கிழமை ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு தடவை டாக்டரம்மா அறை வாசல்வரை போனாள். முதல் தடவை அவர் போனில் இருந்தார். இரண்டாவது தடவை அவர் நிமிர்ந்து "என்ன?" என்றார். இவள் ஊசிப் பெட்டி தீரப்போகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அலமாரியில் எட்டுப் பெட்டி இருந்தது.

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"விஞ்ஞானின்னு அவங்ககிட்ட யாரும்மா சொன்னது?"

"நான் லேப்னுதான் சொன்னேன். கிளார்க் சார்தான் 'விஞ்ஞானிதானே?'ன்னாரு. ஆமான்னு தலையாட்டினேன்." அம்மா கையிலிருந்த துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "நாம பாத்ரூம்னு சொல்றோம், கதவுல கழிவறைன்னு எழுதல? அந்த மாதிரி, லேப்ப எழுத்துல அப்படி எழுதுவாங்கபோலன்னு நெனச்சேன். தப்பா பாப்பா?"

அவள் மூன்று நாளாகச் சேர்த்துவைத்திருந்த வசவையெல்லாம் விட்டுவிட்டு அந்தத் துண்டை வாங்கி மடித்தாள். லேபில் கேட்கக் கூடாத மாதிரியே கிளார்க் 'தானே' போட்டுக் கேட்டிருக்கிறான். பதினாலு வருஷமாக அந்த ஆபீசில் எதற்கும் தலையாட்டிப் பழகியவளிடம் கேட்டிருக்கிறான். டாக்டரம்மா என்ன செய்வார் என்பதை, விசிட்டிங் கார்டுக்காரர் கதையை, அவள் மெதுவாகச் சொன்னாள். அம்மா முழுதாகக் கேட்டாள்.

சனிக்கிழமை காலை நிலையத்துக்குப் போய், குழாய்களுக்கு லேபிள் அடிக்கும் சின்ன மிஷினில் ஒரே ஒரு பட்டை அடித்தாள். பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்தின் முன்கூடத்தில் இருந்தாள். கிளார்க் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். அம்மா பலகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டையின் முதுகுத் தாளை உரிக்க முடியவில்லை. இரண்டு முறை நகத்தைப் போட்டும் ஓரம் வரவில்லை. அம்மா குனிந்து பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்கு? படி."

"ஆய்வக டெக்னீஷியன். தனித்தேர்வராக எழுதித் தேறியவர்."

"அதான் நீயா?"

"அதான் நான்."

"அப்பக் குடு."

"வேணாம்மா. நான் ஒட்டுறேன். நீ ஒட்டினா உன் வேல..."

"உனக்கு எட்டாது," என்று சொல்லிவிட்டு அம்மா அதைப் பிடுங்கினாள். நகத்தால் உரித்தாள். தங்க எழுத்தின்மேல் வைத்து, கண்ணாடி துடைக்கும் துணியால் ஒரு முறை அழுத்தித் தேய்த்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தாள். பட்டை வலது பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது.

கிளார்க் நாற்காலிக் கணக்கை விட்டுவிட்டு ஓடிவந்தார், படித்தார், தாளாளர் அறைக்கு ஓடினார். அதற்குள் பெற்றோர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னதாகவே டாக்டரம்மா.

அவர் பலகையின் இடது ஓரத்திலிருந்து தொடங்கினார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன் படிப்பதுபோல, ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு வரியாக. நான்காவது முகத்தில் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். அவள் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்துக்கு வந்தபோது டாக்டரம்மா நின்றார். பட்டையின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த தங்க நிற "னி"யைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"நீ யாரு, சொல்லு."

அவள் சொன்னாள். பெயர், வேலை, பத்தாம் வகுப்பு டி.சி., கொட்டகையில் எழுதிய பரீட்சை. மூன்று நாளாகச் சொல்ல வந்து சொல்லாமல் திரும்பியதையும் சொன்னாள்.

"ஊசிப் பெட்டி," என்றார் டாக்டரம்மா.

"ஆமா மேடம்."

"அடியில இருக்குறத யார் எழுதினது?"

"ஸ்கூல்ல. 'விஞ்ஞானிதானே'ன்னு கேட்டாங்களாம். எங்கம்மா தலையாட்டிட்டாங்க."

டாக்டரம்மா ஸ்டூல் பக்கத்தில் துணியும் கையுமாக நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு மறுபடி பட்டையைப் பார்த்தார்.

"கோணலா இருக்கு. நீ ஒட்டினதில்ல இது."

"எங்கம்மா ஒட்டினாங்க."

"எடுத்து நேராக்காத. ஒரு தடவ எடுத்தா பசை போயிடும்." பேரனின் கையை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். இரண்டடி போய், திரும்பாமலே, "திங்கக்கிழம ஏழு மணி. லேட்டா வராத," என்றார்.

அவள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தாளாளர் அறையில் மணி அடித்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும், இன்னும் நீளமாக. கிளார்க் கதவிடுக்கில் நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"தண்ணி கேக்கறதுக்காகக்கூட இருக்கும்," என்றாள்.

ஆனால் கூஜாவை எடுத்துக்கொள்ளாமல்தான் போனாள்.