காண்டாமிருகத்தைப் பார்க்க வந்தவள்

இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் விலங்குகளைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை வருஷக்கணக்காக இறக்கி ஏற்றிய குவாண்டுவின் ஜீப்பில் அன்று அவன் மனைவி பஸ்கலீனா மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊரான கராத்துவிலேயே குடியிருந்தும் அவள் ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை. மகள் துமாயினி போன பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். முதலாளி மறுபேச்சில்லாமல் வண்டியைக் கொடுத்தார்.

நுழைவாயில் காவலாளி ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "என்ன குவாண்டு, வெள்ளைக்காரங்க கிடைக்கலையா? யாரு இந்த மகாராணி?"

"என் வீட்டுக்காரி."

"அடேங்கப்பா! பொண்டாட்டிக்குச் சுத்திக் காட்டுற முதல் டிரைவர் நீதான்யா. எம் பொண்டாட்டிகிட்ட சொல்லித் தொலைச்சிடாத!"

பாவம், அவனுக்கு விஷயம் தெரியாது. குவாண்டு அவசரமாக வண்டியைக் கிளப்பினான்.

பனி விலக, ஜீப் கீழே இறங்கியதும் ஏரியோரம் பூநாரைகள் நின்றன. வரிக்குதிரைகள் பாதையை மறித்தன. ஒரு சிங்கம் ஜீப்பின் நிழலில் வந்து சாவகாசமாகப் படுத்தது. குவாண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"இதெல்லாம் வேணாங்க," என்றாள். "எனக்குக் காண்டாமிருகத்தைக் காட்டுங்க."

துமாயினி இறந்த அன்றைக்கு, பிள்ளைக்கு லேசான காய்ச்சல்தான் என்று விட்டுவிட்டுக் கிளம்பியவன் அவன். மதியம் ஜன்னி கண்டிருக்கிறது. அவன் போனோ சார்ஜ் இறங்கிக் கிடந்தது. அன்று பார்த்து, லேசில் கண்ணில் படாத காண்டாமிருகம் குட்டியோடு ஜீப்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அந்தக் குஷியில் சாயங்காலம் வீட்டுக் கதவைத் தள்ளி, "துமா! அப்பா இன்னிக்கு எதைப் பாத்தேன் சொல்லு!" என்று கத்திக்கொண்டே நுழைந்தான். உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். கட்டிலில் பிள்ளையை முகம்வரை மூடியிருந்தது.

ரேடியோவில் வேறொரு டிரைவரிடம் விசாரித்து, காட்டோரமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். தூரத்தில், புல்லுக்கு நடுவே ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. தொலைநோக்கியை வாங்கி அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நான் பாறைன்னு நினைச்சேன்," என்றாள். "இதுதானா?"

"இதுதான்."

"இதைப் பாத்துட்டுத்தான் அவ்வளவு சந்தோஷமா வந்தீங்களா?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு," என்றவளுக்குத் தோள் குலுங்கியது. தொலைநோக்கியை மடியில் போட்டுவிட்டு அழுதாள். அவன் கை அவள் முதுகுவரை போய், தொடத் துணியாமல் திரும்பிவிட்டது.

மேலே ஏறி வரும்போது சொன்னாள். "என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுடுங்க. நான் முபுலுவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவ?"

"உங்க மேல கோபமில்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனா நீங்க கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேக்குது. நீங்க பேசாம வந்தாலும் கேக்குது. தாங்க முடியலங்க."

"நான் வேற வேலை பாத்துக்கறேன். நாம வேற வீடு போயிடலாம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மாட்டேன் என்பதாகவா, சரி என்பதாகவா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

கராத்துவில் முபுலு பஸ் கிளம்பத் தயாராக நின்றது. காலையில் வண்டியில் அவள் வைத்த துணிமூட்டையை மதியச் சாப்பாடு என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவனே தூக்கிக் கொடுத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க," என்றாள்.

பஸ் போய்விட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குவாண்டு அப்படியே இருந்தான். பின்னாலிருந்து ஒரு லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டு, "யோவ், வழியை விடுய்யா!" என்று கத்தினான்.