கடைசித் தாள்

சின்னக் கண்ணாடியைப் பலகையின் மேல் படுக்கவைத்து, கேமரா வழியே குனிந்து பார்த்தார். லென்ஸின் பிம்பம் கண்ணாடியின் நட்ட நடுவில் தெரிந்தது. அப்படியானால் கேமரா நேராக நிற்கிறது. படத்தில் கோடு எதுவும் கோணாது. கண்ணாடியை எடுத்துவிட்டு மனைவி வரைந்த அடுத்த தாளை வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் விளக்குகள். ஜன்னலில் கறுப்புத் துணி. அருங்காட்சியகத்துக்காக ஊரார் ஓவியங்களைக் காலமெல்லாம் இப்படித்தான் படமெடுத்திருக்கிறார். வீட்டுக்காரி வரைந்ததை எடுக்க இன்றுதான் நேரம் வாய்த்தது. அவள் பக்கத்து அறையில், பெட்டிக்குள் கிடந்தாள்.

படங்களெல்லாம் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மண்ணுக்குள் போவதற்குள் ஒரு பிரதியாவது தங்கட்டும் என்று இவருக்கு ஆசை.

கதவு திறந்தது. வெளி வெளிச்சம் தாளில் விழுந்தது.

“கதவ மூடுங்கண்ணி, கலர் மாறிடும்.”

“இனிமே எது மாறி என்ன தம்பி?” மனைவியின் அக்கா அழுது வீங்கிய கண்களோடு நின்றாள். “வண்டி வந்துடுச்சு. இன்னும் எத்தன இருக்கு?”

“இது ஒண்ணுதான்.”

அவள் எட்டிப் பார்த்தாள். “இதுல ஒண்ணுமே இல்லியே!”

இல்லைதான். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே அவர் கண்விழித்தபோது இந்தத் தாளைத்தான் மனைவி நீட்டினாள். பென்சில் முனை எப்போதோ ஒடிந்துபோயிருந்தது. மங்கிய கண்ணுக்கு அது தெரியாமல், வெறும் கட்டையால் வரைந்து தள்ளியிருந்தாள்.

“எப்டிங்க இருக்கு?”

“அப்படியே இருக்கு.”

“பாக்காமயே சொல்லுங்க” என்று சிரித்தாள். எதை வரைந்தாய் என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். கேட்கவில்லை. அந்தப் பொய் காலையிலிருந்து அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

ஒரு படம் எடுத்தார். திரையிலும் வெள்ளைத்தாள்தான். எதிரெதிரே நிற்கும் விளக்குகள் ஒன்றின் நிழலை ஒன்று அழித்துவிடும். அவற்றை அப்படி வைப்பதே அதற்காகத்தான்.

“விடுங்க தம்பி. எல்லாரும் காத்துட்டு நிக்கிறாங்க.”

அவர் எட்டி வலப்பக்கத்து விளக்கை அணைத்தார். மற்றதைத் தாளின் மட்டத்துக்கு இறக்கினார். இப்படிச் செய்ததற்காக எத்தனையோ பேரை அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்.

பென்சில் கீறிய தடங்களில் நிழல் விழுந்தது. முதலில் ஒரு நாற்காலி தெரிந்தது. அதில் தலை பின்னால் சரிய, வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் ஓர் ஆள். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்று தரையில் கவிழ்ந்து கிடந்தது.

“ஆஸ்பத்திரில பொட்டுத் தூக்கமில்லன்னீங்களே?” அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அவர் டைமரை வைத்துவிட்டு விலகி நின்றார். கேமரா தானாக எடுத்துக்கொண்டது. பிறகு கிட்டே போய்த் தாளை ஒரு மூலை விடாமல் பார்த்தார்.

“அப்படியே இருக்கு” என்றார், பக்கத்து அறைக்குக் கேட்கும்படி.

விளக்கை அணைத்துவிட்டுத் தாளைக் கையில் எடுத்தார். கதவைத் தாண்டியபோது அது மறுபடி வெறும் வெள்ளைத்தாளாக இருந்தது.